அம்மா நடித்த நாலு வினாடி

எங்கள் வீட்டில் அம்மாவின் படம் இல்லை. கல்யாணத்தன்று எடுத்த ஒரே போட்டோவைக் கொச்சி மட்டாஞ்சேரியின் மழை தின்றுவிட்டது. கூரை ஒழுகி, அப்பாவின் முகமும் பாதி மாலையும்தான் மிஞ்சின. அம்மா நகரசபையில் தினக்கூலிக்குத் தெரு பெருக்கியவள். தினக்கூலிக்காரிக்கு அடையாள அட்டை கிடையாது, ஆகவே அங்கேயும் அவள் முகம் இல்லை. அவள் சாகும்போது எனக்கு எட்டு வயது, தங்கைக்கு ஒன்றரை. எட்டு வயதில் பறிகொடுத்தவனுக்கு அம்மாவின் முகம் நினைவிருக்க வேண்டும். எனக்கு இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அம்மா ஒரு சினிமாவில் இருந்தாள். நான் பிறக்கும் முன்பு எங்கள் பக்கத்தில் எடுத்த கறுப்பு வெள்ளை மலையாளப் படம். இன்றைக்கு அதைக் காவியம் என்று மேடை போட்டுப் பேசுகிறார்கள். "ஈரோ என்னை உரசிக்கிட்டுல்லா போனான்" என்று சொல்லி அப்பாவைச் சீண்டுவாள். அந்தக் குரல் மட்டும் அப்படியே காதில் இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். அப்பா வரவில்லை. "வீட்ல இல்லாதவள டிவியில என்னத்தப் பாக்க?" என்று படுத்துக்கொண்டார். நானும் தங்கையும் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்தோம். படத்தில் மூன்று இடங்களில் தெரு பெருக்கும் பெண்கள் வந்தார்கள், மூன்றிலும் கதாநாயகன் அவர்களை உரசிக்கொண்டு போனான். கண்ணை ஊன்றுவதற்குள் பெண்கள் போய்விட்டார்கள். "இதுவா அண்ணா? இதுவா?" என்று தங்கை நச்சரித்தாள். தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தேன். அடுத்த வருஷம் அப்பாவும் போய்விட்டார். அடையாளம் காட்டியிருக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களில் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் பத்திரிகையை இறந்தவர்களின் படத்துக்கு முன்னால் வைத்து, படத்தில் நெற்றிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த பிறகுதான் ஊருக்குக் கொடுக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிப்போனதும் தங்கை கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்பாவுக்குப் படம் இருக்கு. அம்மாவுக்கு எங்க வைக்க அண்ணா?"

அப்போது அந்தச் சினிமா சி.டி.யாக வந்திருந்தது. வாங்கினேன். நான் தோப்பும்படியில் படகு இன்ஜின் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பக்கத்து ஸ்டூடியோக்காரர், ஆளைக் காட்டினால் கம்ப்யூட்டரில் பிரித்தெடுத்து ஃபிரேம் போட்டுத் தருவதாகச் சொன்னார். எந்த ஆள் என்பதுதானே எனக்குத் தெரியாது. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். இரண்டாவது தெருவில் உயரமாக, சிரித்த முகமாக ஒருத்தி வந்தாள். தங்கை அவள்தான் அம்மா என்று முடிவே செய்துவிட்டாள். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

பெருக்குகிறவர்களில் இரண்டு பேருக்கு ஒரு தெரு என்று கணக்கு உண்டு. தன் எல்லையைத் தாண்டி ஓரடி வைக்க மேஸ்திரி விடமாட்டார். அம்மாவின் எல்லை படகு ஜெட்டியிலிருந்து மிளகு குடோன்கள் வரை. ஷூட்டிங் நாளிலும் அவள் அங்கேதான் நின்றிருப்பாள். எந்தக் காட்சி அந்தத் தெருவில் எடுத்தது என்று கண்டுபிடித்தால் போதும். ஜன்னல், படி, ஓடு எல்லாவற்றையும் பட்டறைத் தாளின் பின்பக்கம் வரைந்துகொண்டு ஞாயிறுதோறும் கிளம்பினேன்.

முதல் காட்சியின் சந்து ஃபோர்ட் கொச்சியில், அம்மாவின் எல்லைக்கு வெகு தூரத்தில் இருந்தது. இரண்டாவதில் ஒரு வாய்க்கால் பாலம். எங்கும் கிடைக்கவில்லை. மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர் ஒருவர் என் தாளைப் பார்த்ததும், "இது ஆலப்புழையாணு சேட்டா" என்று சிரித்தார். சிரித்த முகக்காரி எங்கள் ஊரே இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். தங்கை எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மூன்றாவதில் பெரிய மரக்கதவு, மேலே அரைவட்ட ஜன்னல், கீழே மூன்று கல்படி. ஜெட்டிப் பக்கம் தேடிக் கண்டுபிடித்தேன். ஜன்னலும் படியும் இருந்தன, கதவு இல்லை. குடோன் இப்போது வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழம்பொருள் விற்கும் கடை. "ஆ கதகு ஜெர்மனிக்குப் போயி" என்று கடைக்காரன் பெருமையாகச் சொன்னான். கதவு அவன் கதவு, விற்றதில் எனக்கென்ன? இருந்தாலும் வாய்க்கு வந்ததைத் திட்டிவிட்டு இறங்கினேன். வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த பெண் சத்தம் கேட்டு என்ன ஏது என்று விசாரித்தாள். அந்தக் காலத்தில் அம்மாவோடு சேர்ந்து அந்தத் தெருவைப் பெருக்கியவர் சுள்ளிக்கலில் மகள் வீட்டில் இருப்பதாக அவள்தான் சொன்னாள்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. ஏனென்றால் அந்த மூன்றாவது காட்சியில் பெண்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் நமக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நிற்கிறார்கள். கதாநாயகன் அவர்களை உரசிக்கொண்டு போகிறான். நாலு வினாடி. முகமே இல்லாததால் அவர்களை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

சி.டி. பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டு சுள்ளிக்கலுக்குப் போனேன். அங்கிருந்த டிவியில் இணைத்துப் போட்டுக் காட்டியதும் அந்த அம்மாள் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"இந்தப் பக்கம் நானாக்கும். அது உன் அம்மை. அந்தக் கொண்டை அவளுக்கு மட்டுந்தான் நிக்கும்."

"ஏன் திரும்பி நிக்கிறீங்க?"

"மேஸ்திரி சட்டம்லா மக்கா! வெள்ளையுஞ்சொள்ளையுமா யாராச்சும் வந்தா வாரியலத் தாழ்த்திச் சொவத்தப் பாத்து நிக்கணும். டைரக்டர் சாரு பெருக்கிக்கிட்டே இருங்கன்னுதான் பறஞ்சாரு. நாலு தடவ எடுத்தாங்க. அந்த ஆளு வெள்ள வேட்டியில வந்ததும் நாங்க தன்னால திரும்பிருவோம். கடசீல அவரே, இருக்கட்டும், இதுதான் நல்லாருக்குன்னுட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, "சாயா போடட்டா?" என்றார். வேண்டாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மா உரசிப் போனவனைச் சொல்லியிருக்கிறாள், சுவரைச் சொன்னதே இல்லை. தினமும் செய்கிற ஒன்று அவளுக்குச் சொல்லத் தோன்றியிருக்காது.

ஆலப்புழைக்காரியையே ஃபிரேம் போட்டுக் கொடுத்திருக்கலாம். தங்கை நம்பியிருப்பாள். என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். "சரி, அதையே போடு" என்றாள்.

மலையாளத்தில் அச்சடித்த பத்திரிகை வந்த அன்று, அப்பாவின் பாதிப் போட்டோவுக்குப் பக்கத்தில் அம்மாவின் ஃபிரேமை மாட்டியிருந்தோம். தங்கை குளித்துவிட்டு வந்து அப்பாவின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அதே விரலோடு அம்மாவிடம் வந்தாள். கண்ணாடிக்குள் கொண்டையும் முதுகும்தான் இருந்தன. விரல் அப்படியே நின்றது.

"எங்க வைக்கணும் அண்ணா?"



அவளே ஃபிரேமைக் கழற்றித் திருப்பினாள். பின்பக்கத்து அட்டையில், அம்மாவின் முகம் இருக்கும் என்று நினைத்த இடத்தில், பொட்டை வைத்தாள். மறுபடி ஆணியில் மாட்டினாள். பொட்டு சுவரைப் பார்த்து இருந்தது.