கசேரை ஜமாஅத்

தேங்காப்பட்டணத்து மீன் வியாபாரி பாவாவுக்கு வீடு வாசலைவிடப் பெரிய சொத்து, பள்ளிவாசலில் முதல் வரிசையில் இமாமுக்கு நேர் பின்னால் அவர் நிற்கும் இடம். வருஷக்கணக்காக அதை வேறொருவர் மிதித்ததில்லை. முழங்கால் வலியால் பின்னால் நாற்காலி போட்டுத் தொழுகிறவர்களுக்கு அவர் வைத்த பெயர் 'கசேரை ஜமாஅத்', அதாவது நாற்காலிக் கூட்டம். அதிலும் பக்கத்து வீட்டு சபீரைக் கண்டால் நாக்கு சும்மா இருக்காது.

"என்ன சபீரே, கசேரைக்கும் தொப்பி போட்டாச்சா?" என்பார்.

ஊரடங்கு வந்தது. மீன் ஏலமும் நின்றது, பள்ளிவாசலும் மூடியது. விடியுமுன் கடற்கரை மணலில் ஓடிய மனுஷன் டிவி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். சாயா அங்கே, சோறு அங்கே, குட்டித் தூக்கமும் அங்கே. மீன் இறக்க அனுமதி கிடைத்த பிறகும் வியாபாரத்தைப் போனிலேயே நடத்தினார். கடைசியில் தொழுகையும் நாற்காலிக்கு வந்து சேர்ந்தது. இயலாதவனுக்கு மார்க்கம் தந்த சலுகையை, குத்துக்கல் மாதிரி இருந்தவர் எடுத்துக்கொண்டார். வாழைப்பழச் சோம்பேறி என்பார்களே, உரித்துக் கொடுத்தால் மெல்லவும் ஆள் தேடுகிறவன், அந்த ஜாதி.

மனைவி மெஹ்ருன்னிசாவுக்குப் பொறுக்கவில்லை. "வீட்டுக்குள்ள கிடக்கத்தான் சொன்னாவ, கசேரையில முளைக்கச் சொன்னாவளா? முற்றத்துல கொஞ்சம் நடங்களேன்."

"கடப்புறத்துல நடந்தது ஆயுசுக்கும் போதும் ஏட்டி. நீ சாயாவக் கொண்டா."

மதிலுக்கு அந்தப் பக்கம் சபீர், வலிக்கிற காலோடு தென்னைகளைச் சுற்றிக் காலையும் மாலையும் நடந்தார். "தேங்காய ஆரும் களவாண்டுட்டுப் போவாவளா சபீரே?" என்று ஜன்னல் வழியே கேட்டுச் சிரித்தார் பாவா. சபீர் நடையை நிறுத்தவில்லை.

பள்ளிவாசல் திறந்த முதல் வெள்ளிக்கிழமை, பாவா அத்தர் மணக்கத் தன் இடத்தில் போய் நின்றார். நெற்றியைத் தரையில் வைத்தார். இமாம் எழுந்தார், வரிசை எழுந்தது, பாவா எழவில்லை. மடங்கிய முழங்கால் மடங்கியபடியே பூட்டிக்கொண்டது. இடைவெளி விட்டு நிற்கச் சொல்லியிருந்ததால் பிடிக்க ஒரு தோளும் பக்கத்தில் இல்லை. மனுஷன் உருகி உருகித் தொழுகிறார் என்று பின்வரிசைக்காரர்கள் நினைத்தார்கள். எல்லாம் முடிந்தும் குனிந்தே கிடந்தபோதுதான் விஷயம் விளங்கியது. இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அதில் ஒருவர் சபீர். அன்று நாற்காலி இல்லாமல் நின்று தொழுதவர்.

அவமானம் பிடுங்கித் தின்றது. நடக்கலாமே என்று அப்போதும் தோன்றவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சீக்கிரம் போனால் போதும், இடம் கைவிட்டுப் போகாது என்று நினைத்தார். போனார். அவர் இடத்தில் சபீர் நின்றுகொண்டிருந்தார்.

பாவா வாயைத் திறந்தார். சண்டைக்கு நிற்கவாவது கால் வேண்டுமே, அது வெடவெடத்தது.

சபீர் பின்பக்கம் கை காட்டினார். "பாவா, அங்க கிடக்கது என் கசேரதான். கால் ஆடாது. தைரியமாட்டு இரி."

பாவா போய் உட்கார்ந்தார்.