முடிச்சூர் ரோட்டில் ஒரு கண்டிக் கோடு

ஃபிரெடி கண்டிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து முடிச்சூர் ரோட்டில் என் நிம்மதி போச்சு. இருவரும் ஸ்கூல் வேன் ஓட்டுகிறோம். தினமும் அவன் வண்டிக்குப் பின்னால்தான் என் வண்டி. அக்கா மகள் கல்யாணத்துக்கு நாலே நாள் இலங்கைக்குப் போனவன், வேறு ஆளாகத் திரும்பினான்.

"அயூப் மச்சான், அங்கயும் பஸ்காரனுங்க பேய் மாதிரிதான் ஓட்டறானுங்க. சாமான் விலை கேட்டா தலை சுத்துது. ஆனா ரோட்டைக் கடக்கற வெள்ளைக் கோட்டுல ஒரு ஆள் காலை வெச்சா அத்தனை வண்டியும் நிக்குதுடா! நம்மளால முடியாதா?"

"முடியாது" என்றேன்.

மறுநாளே எங்கள் ரோட்டு வெள்ளைக் கோட்டருகே வேனை நிறுத்தினான். ஓரத்தில் அஞ்சம்மாள் நின்றிருந்தார், அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலைக்குப் போகிறவர். ரோட்டைக் கடக்காமல் நேராக வந்து வேன் கதவைத் திறந்து, "தாம்பரம் போவுமா?" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். நம் ஊரில் வண்டி நின்றால் ஆள் ஏற்றத்தானே நிற்கும்! பிள்ளைகள் சிரித்த சிரிப்பு என் வண்டிவரை கேட்டது. "இல்லம்மா, நீங்க அந்தாண்ட போறதுக்குத்தான் நின்னேன்" என்று இறக்கிவிட்டான். நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

தினமும் இதே கூத்து. வேன் லேட்டாகிறது என்று பெற்றோர் கொதித்தார்கள். கால் மணி முன்னதாகக் கிளம்பிப் பார்த்தான், அதற்கும் சண்டை. ஹெப்சி என்பவர் முதலில் தன் மகளை என் வேனுக்கு மாற்றினார். அவரைப் பார்த்து இன்னும் ஆறு பேர். மேலும் இரண்டு பிள்ளைகள் போனால் ஃபிரெடி வண்டியை விற்க வேண்டியதுதான்.

"விட்டுத் தொலைடா!" என்று கத்தினேன்.

"வண்டிய வித்தாலும் விப்பேன். ஆள் நிக்கும்போது மட்டும் போக மாட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை சாயங்காலம், அவசரத்தில், எதிர்ப்பக்கம் வீடு இருக்கும் ஹெப்சியின் மகளை ரோட்டுக்கு இந்தப் பக்கமே இறக்கிவிட்டேன். அழைத்துப்போக வந்த ஹெப்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டருகே நின்றார். தண்ணி லாரி, பைக், பஸ் என்று ஒருத்தன் நிற்கவில்லை. குழந்தை காலை எடுத்து வைக்கும், அம்மா வெடுக்கென்று பின்னுக்கு இழுப்பார். பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. பாதி காலியான ஃபிரெடியின் வேன் வந்து நின்றது. பின்னால் அத்தனை ஹாரனும் அலற, அவன் ஜன்னல் வழியே கையை நீட்டி மறித்துக்கொண்டிருந்தான். இருவரும் கடந்து போனார்கள்.

நான் வீடு சேர்வதற்குள் ஹெப்சியின் போன். "அயூப் அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா நாளையிலேருந்து ஃபிரெடி அண்ணா வண்டியிலயே வரட்டும். கால் மணி முன்னாடியே ரெடி பண்ணிடறேன்." எனக்கு வந்த கோபம் முழுக்க என்மேல்தான்.

மறுநாள் காலை ஃபிரெடி முன்னதாகவே போய்விட்டிருந்தான். கோட்டருகே அஞ்சம்மாள். பிரேக்கை மிதித்தேன். பின்னால் ஒருவன் ஹாரனை அமுக்கிப் பிடித்தான். நான் நின்று அவர் பார்த்ததே இல்லையே. வந்து கதவைத் திறந்தார்.

"தாம்பரமா?"

"இல்லம்மா" என்றேன். "நீங்க அந்தாண்ட போங்க. அதுவரைக்கும் நிக்கறேன்."