கடைசிச் சதுரம்

இதை எழுதிவைப்பதற்குக் காரணம் உண்டு. சுவிஸின் நொஷாட்டல் நகருக்கு மேலுள்ள ஒரு மலைக்காட்டின் தாவர வரைபடம் அண்மையில் நிறைவுற்றது. அது ஒரு வாரம் தாமதமானது ஏன் என்று வரைபடம் சொல்லாது. நான்தான் சொல்ல வேண்டும் — தாமதம் என்னால் நேர்ந்தது.

நான் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியன். மனைவி மறைந்தபின், ஆரணி என்ற இளம் ஆய்வாளரின் காட்டாய்வுக்குத் துணையாகச் சனிக்கிழமைதோறும் மலையேறி வந்தேன். ஆரணி இங்கேயே பிறந்து காட்டியல் கற்றவள். பீச் மரமும் ஃபிர் மரமும் கலந்த சரிவில், ஒரே சீரான இடமாகத் தேர்ந்து கயிற்றால் சதுரம் அமைப்போம். உள்ளே வளர்வன அனைத்தையும் குறிப்போம். பின்னர் அது எந்தத் தாவரச் சாகியம், அதாவது எவ்வெவை கூடிவாழும் கூட்டம் என்று வகுப்போம். விந்தை பாருங்கள்: அத்தீர்ப்பில் வானளாவிய மரங்களைவிடக் கணுக்கால் உயரச் செடிகளுக்கே செல்வாக்கு அதிகம்!

எஞ்சியிருந்தது ஒரு சதுரம். கயிறு கட்டியதும் சொன்னேன்:

“பிள்ளை, இந்த மூலையிலை ஈரம் கூட. இடம் ஒரே சீராய் இல்லை.”

நகர்த்தினோம்.

“இதுக்குள்ளை பாறை வருது.”

மீண்டும் நகர்த்தினோம். ஒளி மங்கியது; பணி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிற்று. அடுத்த வாரமும்... “பழைய பாதை போன தடம் கிடக்கு” என்றேன்.

ஆரணி கயிற்றைக் கீழே போட்டாள்.

“நோன்... இல்லை, அங்கிள்! நீங்கள் கேக்கிற மாதிரி இடம் சுவிஸிலை எங்கையும் இல்லை. ஃபுட்போல் கிறவுண்டிலைதான் கயிறு கட்டவேணும்.”

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“இது முடிஞ்சாத்தான் நான் பேர்னிலை வேலைக்குப் போகலாம். உங்களுக்குத் தெரியும்தானே?”

“ஓம், தெரியும்.”

“அப்ப ஏன்?”

அவள் போய்விட்டால் எனக்கு மலையுமில்லை, பேச்சுத்துணையுமில்லை என்பதை எந்தத் தாவரவியல் காரணமாக ஏற்கும்?

குனிந்து பார்த்தேன். பீச் காட்டின் அடையாளமான, உலர்ந்தால் மணம் வீசும் ஒரு சிறு வெண்பூச் செடி, சரிவெங்கும் ஒன்றுபோலவே படர்ந்திருந்தது.

“முதல் கட்டின இடத்திலையே கட்டு, பிள்ளை. அது நல்ல இடம்தான். பீச்–ஃபிர் காடு... சந்தேகமில்லை.”

அவள் கட்டினாள். குறித்தாள். கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்தாள். கூடிவாழ்வன எவையென வகுக்கும் இக்கலையில் ஒரு குறை — கயிற்றின் இருமுனைகளைப் பிடித்து நிற்பவர்களுக்கு அதில் இடமே இல்லை.

காட்டியல் அறிந்த வாசகர்கள் இங்கே பிழை காணின் திருத்தியருள வேண்டுகிறேன். கடிதம் போதும், நேரில் வந்து திருத்தினால் இன்னும் நன்று.

சனிக்கிழமைகளில் வீட்டில்தான் இருக்கிறேன்.