அடுத்த சொட்டு

நடனப் பள்ளியில் எல்லோருக்கும் அவள் பியானோக்காரம்மா. மாஸ்டர் கைதட்டினால் வாசிக்க வேண்டும், கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதே பிழைப்பு. மகள் கல்லூரிக்கே போய்விட்டாள், மாஸ்டர் இன்னும் "சீக்கிரம், சீக்கிரம்" என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

அவளுக்கென்று சொந்தமாக இருந்தது ஒரே ஒரு சின்ன இசை. மழை விட்ட பிறகு பள்ளியின் தகரக் கூரையிலிருந்து, கவிழ்த்து வைத்த வாளிமேல் சொட்டும் தண்ணீரைக் கேட்டுக் கேட்டு அவளே பியானோவில் கட்டியது. ஒரு சொட்டு விழும். அடுத்தது விழுமா, விழாதா என்று காது காத்துக் கிடக்கும். அந்தக் காத்திருப்புதான் அதற்கு உயிர்.

உள்ளூர் வானொலிக்காரர்கள் அதைப் பதிவு செய்து ஒலிபரப்பியபோது வீடே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. வந்ததைக் கேட்கணுமே! அதுவா சொட்டு? திறந்துவிட்ட குழாய்! இடைவெளி அத்தனையையும் கத்தரித்து எறிந்திருந்தார்கள். "நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்ட கணவன், அவள் முறைத்த முறைப்பில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலையிலேயே நிலையத்துக்குப் போய் ஒலிப்பதிவுக்காரன் முன்னால் நின்றாள்.

"நடுவுல நடுவுல சத்தமே இல்லக்கா. சத்தம் நின்னா இங்க அலாரம் அடிக்கும். ஸ்டேஷன் படுத்துடுச்சுன்னு ஜனங்க வேற பக்கம் திருப்பிடுவாங்க. அதான் காலியா இருந்ததை எடுத்துட்டேன்."

"காலியா? யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"கோவிச்சுக்காதீங்க. எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. இனிமே தினமும் வானிலை அறிக்கைக்கு முன்னாடி இதைத்தான் போடப்போறோம்."

"அப்படின்னா என் பேரைச் சொல்லாதீங்க. அது என்னோடது இல்ல."

"சரிக்கா," என்றான் அவன். அவ்வளவு சுலபமாக! கெஞ்சுவான், திரும்பவும் பதிவு செய்யலாம் என்பான் என்று எதிர்பார்த்து வந்தவள் விருட்டென்று வெளியேறினாள். சே, இதுகளிடம் வந்து நின்றோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

அந்த வாரமே மாஸ்டர் ஒரு மெட்டை முணுமுணுத்தபடி வகுப்புக்கு வந்தார்.

"அம்மா, ரேடியோவுல வானிலைக்கு முன்னாடி ஒண்ணு வருதே, எந்த மகராசன் போட்டானோ, அருமையா இருக்கு! பிள்ளைங்க அதுக்கு ஆடட்டும். உங்களுக்கு வரும்ல? வாசிங்க."

வருமாவா? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் சொட்டு விழுந்தது. அவள் கை அந்தரத்தில் நின்றது. பிள்ளைகளும் தூக்கிய காலோடு நின்றார்கள்.

மாஸ்டர் படபடவென்று கைதட்டினார். "என்னம்மா, அதுக்குள்ள மறந்துட்டீங்களா? ரேடியோவைக் கேட்டு ஒழுங்காப் பழகிட்டு வாங்க."

இத்தனை வருஷம் அந்தக் கைதட்டலுக்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவள், தூக்கிய கையை இறக்காமலே திரும்பினாள்.

"இது நான் போட்டது மாஸ்டர். அடுத்த சொட்டு இன்னும் விழல. விழுற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா நில்லுங்க."