வலிக்கவில்லை என்றுதான் அவர் சொன்னார்

நான் பொய் சொன்னேன். கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், என் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் நெஞ்சில் ஒன்றுமே இல்லை!

உடனே திட்டாதீர்கள்... கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

குளியலறையில் வழுக்கி விழுந்து அப்பாவுக்கு நெற்றி பிளந்துவிட்டது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து காலையிலேயே கூட்டி வந்தேன். கட்டுப் போட்டார்கள். தலையைப் படம் பிடிக்க வேண்டும், கூப்பிடும்வரை வாங்கில் உட்கார்ந்திருங்கள் என்றார்கள். மத்தியானம் தாண்டியும் கூப்பிடவில்லை.

மறதி நோய்க்காரரை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறீர்களா நீங்கள்? கட்டை அவிழ்ப்பார். எழுந்து வாசலுக்கு நடப்பார். "கொழுந்து நிறுக்க நேரமாச்சு தாயி, பொம்பளைங்க காத்துக்கிட்டு நிப்பாங்க" என்பார். தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் தராசு பிடித்துக் கொழுந்து நிறுத்தவர் அவர். எவள் கூடையிலும் ஓர் இறாத்தல் குறைக்காதவர் என்று இன்றும் அங்கே பெயர். பெற்ற மகளின் பெயர் மறந்த பிறகும், அந்தப் பெண்களைக் காக்க வைக்க மனம் வரவில்லை அவருக்கு. எப்பேர்ப்பட்ட மனுஷன்!

பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெரியவர், மனைவியோடு. அந்த அம்மாவுக்கும் இதே மறதி, கூடவே கடும் காய்ச்சல். "ஊட்டுக்குப் போவமா?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "இந்தா, இப்ப போவம் புள்ள" என்பார் பெரியவர், ஒவ்வொரு தடவையும் இப்போதுதான் முதன்முதலாகக் கேட்டவர் போலச் சிரித்துக்கொண்டு. அந்தப் பொறுமையைப் பார்த்து வியந்தேன். வியந்துகொண்டே அப்பாவின் கையை வெடுக்கென்று இழுத்து உட்கார வைத்தேன்.

நர்ஸ் சக்கர நாற்காலியோடு வந்தார். அடுத்தது அந்த அம்மாவின் முறை. நான் குறுக்கே பாய்ந்தேன். அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கிறது என்று சிங்களத்தில் பதறினேன்.

"எனக்கு வலிக்கலயே," என்றார் அப்பா, தெளிவாக. "பொய் சொல்லாத தாயி."

தமிழ் தெரியாத நர்ஸ், என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். மறதி வியாதி, வாய்க்கு வந்ததைப் பேசுவார் என்றேன். ஐயோ... அன்று அங்கே புத்தி நேராக இருந்தவர் அவர்தான்!

பெரியவருக்குச் சிங்களமும் தெரியும், தமிழும் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து, அப்பாவின் இடுப்பில் நெகிழ்ந்திருந்த சாரத்தைச் சரிசெய்து, அவரே நாற்காலியில் உட்கார வைத்தார்.

"ஒங்கட அப்பாவ மொதல்ல கொண்டு போங்க மகள். நாங்க இங்கேயே ஈக்கிறோம்."

நெஞ்சைப் பார்த்து, தலையைப் படம் பிடித்து முடிய மாலையாகிவிட்டது. வெளியே வந்தால், அவர்கள் அதே வாங்கில்! அந்த அம்மா இப்போது எதுவும் கேட்கவில்லை. கண்ணை மூடி அவர் தோளில் சாய்ந்து கிடந்தார். பெரியவர்தான் முதலில் பேசினார்.

"அப்பாக்கு இப்ப சொகமா?"

நான் வாய் திறக்குமுன் அப்பா முந்திக்கொண்டார். "எனக்கு வலிக்கவே இல்லைங்க."

"தெரியும் ஐயா. நீங்க அப்பவே சொன்னீங்க, எனக்குக் கேட்டிச்சு."

அப்பாவின் முகம் மலர்ந்தது பாருங்கள்! யாராவது ஓர் ஆள் நம்பமாட்டாரா என்று அதுவரை ஏங்கியிருப்பார் போல.

மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. பஸ் போய்விடும் என்று முணுமுணுத்து, அப்பாவை இழுத்துக்கொண்டு ஓடிவந்தேன். அந்த அம்மா பிழைத்தாரா? தெரியாது. தேடிப்போய்க் கேட்கவும் துணிவில்லை.

அதற்குப் பிறகும் அப்பா நெடுநாள் என்னோடுதான் இருந்தார். சோறு ஊட்டினேன், குளிப்பாட்டினேன். 'நீங்க சொன்னதுதான் உண்மைப்பா' என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை. சொன்னாலும் அவருக்குப் புரியாது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அதுவும் பொய்தான்.