எரிதானியாவின் கைவேகம்

சந்தியாகோ நகரத்தில் லா ஹோயா பேட்டைப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், முடி உலர்த்த எரிதானியாவை விட்டால் ஆள் கிடையாது என்று. வெள்ளிக்கிழமை மதியம் அவள் பார்லரில் பெண்கள் தலை நிறைய ரோலரோடு சுவரோரமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கையில் ட்ரையர், இன்னொரு கையில் உருண்டைப் பிரஷ். எவ்வளவு முறுக்கேறிய சுருட்டையாக இருந்தாலும் அவள் கைக்குள் போய் வெளியே வரும்போது பட்டு மாதிரி தொங்கும். கடை அவளுக்கும் அவள் அக்கா நோரிசுக்கும் சொந்தம். நோரிஸ் சாயம் போடுவாள், நகம் பார்ப்பாள், ஊர்க்கதை முழுக்க அவள் வாயில் இருக்கும். எரிதானியா அதிகம் பேச மாட்டாள். கணவன் நியூயார்க் போனவன் போனவன்தான். அதைப் பற்றிக்கூட அவள் பேசியதில்லை.

அவளுக்குப் பேச்சு வருவது ஞாயிற்றுக்கிழமைதான். தேவாலயத்தில் பூசை முடிந்ததும் நோரிஸ் சமைக்க வீட்டுக்குப் போவாள். எரிதானியா நேரே சாகோவின் போன் ரிப்பேர் கடைக்குப் போவாள். கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை. ஒரு டிவி, ஒரு மின்விசிறி, பிளாஸ்டிக் நாற்காலிகள், டிவியில் ஓடும் வீடியோ சண்டை ஆட்டம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பொத்தானும் ஸ்டிக்கும் உள்ள பலகையை மடியில் வைத்துக்கொண்டு, திரையில் இருக்கும் இரண்டு உருவங்களை அடித்துக்கொள்ள விடுவார்கள். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். எரிதானியா சின்னப் பெண்ணாக இருந்தபோது தெருமுனை மளிகைக் கடையில் காசு போட்டு ஆடும் இயந்திரம் ஒன்று இருந்தது. பையன்கள் அவளுக்கு இடம் விட மாட்டார்கள். அவள் பின்னால் நின்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். இடம் கிடைத்த பிறகு அவளை எழுப்புவது அவர்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது. இப்போது வயது நாற்பது. இன்றைக்கும் அந்த அறையில் அவளை எழுப்புவது லேசான காரியமில்லை.

ஒருவனுக்குத் தவிர. வாஸ்கர் என்று பெயர். மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைப்பவன், அவளைவிடப் பத்து வயது இளையவன், ஆடும்போது வாயை மூடவே மாட்டான்.

"வா அக்கா, வா. மேல வா. ஆகாயத்துல உனக்கு நாற்காலி போட்டு வெச்சிருக்கேன்" என்பான். அவள் ஆடும் உருவம், தடி வைத்த கிழவர், எதிராளியின் தலைக்கு மேலே குதித்து அடிப்பார். அவன் ஆடுவது குத்துச்சண்டைக்காரன். கிழவர் குதித்ததுதான் தாமதம், குத்துச்சண்டைக்காரனின் மடக்கிய கைமுட்டி மேலே வந்து அவரைக் கீழே தள்ளிவிடும். அறையே சிரிக்கும். எரிதானியாவும் சிரித்துவிட்டு எழுந்திருப்பாள்.

அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அவளுடைய அம்மாவுக்கு நடுக்குவாதம். கை நடுங்கியதெல்லாம் பின்னால் வந்ததுதான். முதலில் வந்தது மந்தம். சட்டைப் பொத்தான் போட நேரமாகும், மாவு பிசையும்போது விரல் நின்று நின்று போகும். அப்போது அம்மாவுக்கு நாற்பத்தொன்று. கடைசி வருடங்களில் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகவே முடியாமல், நோரிசும் எரிதானியாவும் முறை வைத்து ஊட்டினார்கள்.

அதனால் வாஸ்கரின் முட்டி ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் எரிதானியாவுக்கு அது ஆட்டமாகத் தெரியவில்லை. என் கை பிந்துகிறது என்றே நினைத்தாள். மற்றவர்களை ஜெயிக்கிறாளே என்றால், அவர்கள் மெதுவானவர்கள். வேகமுள்ளவன் இவன் ஒருவன்தான், இவனிடம் தோற்பதுதான் உண்மை என்று மனம் சொல்லியது. பிப்ரவரியில் ஒரு நாள் பார்லரில் பிரஷ் கைநழுவிக் கீழே விழுந்தது. நோரிஸ் திரும்பிப் பார்த்தாள். "வேர்வை" என்றாள் எரிதானியா. அதற்குப் பிறகு காலையில் சட்டைப் பொத்தான் போடும்போதெல்லாம் தன் விரல்களையே வேவு பார்க்கத் தொடங்கினாள்.

டாக்டரிடம் போகப் பயம். அதற்குப் பதிலாகப் பயிற்சி எடுத்தாள். வீட்டில் அதே ஆட்டம் ஆடும் பழைய பெட்டி ஒன்று வாங்கி வைத்து, கடை திறக்கும் முன் தினமும் உட்கார்ந்தாள். முதலில் கஷ்டமான அடித் தொடர்களைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குப் பழகினாள். பிறகு வெறுமனே தடுக்கப் பழகினாள். அடி விழுகிறபோது எதையாவது அழுத்தித் தப்பிக்கத் தோன்றும் கையை அடக்கி, ஸ்டிக்கைப் பின்பக்கமாகவே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். அது வந்த பிறகு தலைநகரத்திலிருந்து வந்த ஓர் ஆட்டக்காரனைக்கூட அவள் எழுப்பிவிட்டாள். சாகோ கைதட்டினார். வாஸ்கர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான், "இப்ப நம்ம வீட்டுக் கணக்கு" என்றான், அவளை மறுபடி ஆகாயத்திலிருந்து இறக்கினான்.

அன்றைக்குத் தோற்ற ஆட்டத்தை அவள் போனில் படம் பிடித்திருந்தாள். திங்கள்கிழமை கடைக்கு ஆள் வராத நேரத்தில் அதை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தாள். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் தடவை நிமிர்ந்து உட்கார்ந்தாள். கிழவரின் கால் இன்னும் தரையில்தான் இருந்தது. அதற்குள்ளாகவே குத்துச்சண்டைக்காரனின் தோள் இறங்கி, முட்டி கிளம்பிவிட்டிருந்தது. அடுத்த இடத்திலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

திரையைப் பார்த்து அடிப்பவனால் குதிக்கும் முன் அடிக்க முடியாது. இவன் வேறு எதையோ பார்க்கிறான்.

கையைத்தான் பார்க்கிறான் என்று முடிவு கட்டினாள். அடுத்த ஞாயிறு பார்லரிலிருந்து ஒரு துவாலை கொண்டுபோய், ஸ்டிக்கையும் கையையும் சேர்த்து மூடிக்கொண்டு ஆடினாள்.

"என்ன அக்கா, ரொட்டி சுடறியா?" என்றான் வாஸ்கர். சொல்லிக்கொண்டே அவளை வீழ்த்தினான்.

துவாலையை மடித்து வைத்தாள். அப்படியானால் அவன் பார்க்கவில்லை, ஊகிக்கிறான். ஊகித்தே இத்தனை சரியாக அடிக்கிறான் என்றால் அவள் அத்தனை மந்தமாகிவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவள் சாப்பிடவில்லை.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில் மதியமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எரிதானியாவும் வாஸ்கரும் உட்கார்ந்த நேரத்தில் மழை பிடித்தது, இடத்துக்குக் காத்திருக்க வேறு ஆளும் இல்லை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் டிவியின் சத்தம் கேட்கவில்லை. சாகோ காபி வேண்டுமா என்பதைக் கையைக் காட்டித்தான் கேட்டார். வாஸ்கர் ஏதோ கிண்டல் செய்தான், வாய் அசைந்ததே தவிர ஒன்றும் காதில் விழவில்லை.

கிழவர் குதித்தார். முட்டி வரவில்லை. தடி இறங்கியது.

எரிதானியா நம்பவில்லை. மறுபடி குதித்தாள். மறுபடி தடி இறங்கியது. முதல் ஆட்டம் அவளுக்கு, இரண்டாவது அவளுக்கு, மூன்றாவதில் வாஸ்கர் எழுந்து நின்றே ஆடினான், அதுவும் அவளுக்கு. நாலாவது ஆட்டத்தில் அவள் ஓரக்கண்ணால் அவனைப் பார்த்தாள். அவன் கண் டிவியில்தான் இருந்தது. தலை மட்டும் அவள் பக்கமாகச் சாய்ந்திருந்தது, காது மந்தமானவர்கள் சாய்ப்பார்களே, அந்த மாதிரி.

கொஞ்ச நேரத்தில் மழை விட்டது. கூரையிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் மிச்சம். கிழவர் குதித்தார். முட்டி வந்தது.

எரிதானியா ஸ்டிக்கைக் கீழே வைத்தாள்.

"டேய் வாஸ்கர். உனக்கு என்னடா கேக்குது?"

"எனக்கா? ஒண்ணும் கேக்கலியே."

"மழை பெய்யிறப்பத் தோத்த. நின்னதும் ஜெயிக்கிற. தலைய வேற இப்படிச் சாய்ச்சுக்கிட்டு உக்காந்திருந்த. சொல்லு."

சாகோ வாசலில் நின்று சிரித்தார். "சொல்லித் தொலைடா. இல்லன்னா ட்ரையர வெச்சு உன் மண்டையப் பொசுக்கிடுவா."

"சொன்னா அடிக்கக் கூடாது."

"அடிக்க மாட்டேன்."

வாஸ்கர் கழுத்தைச் சொறிந்தான். "குதிக்கிறதுக்கு முன்னாடி நீ மூச்ச இழுக்கிற அக்கா. மூக்கால, சின்னதா. தண்ணியில முங்கப் போறவங்க இழுப்பாங்கல்ல, அப்படி. அது கேட்டதும் நான் அடிச்சிடுவேன்."

"எப்பவுமா இழுக்கிறேன்?"

"எப்பவும். ஒரு தடவகூட நீ ஏமாத்தினதில்ல."

"எவ்வளவு நாளா இதைக் கேட்டுட்டிருக்க?"

"அது... வருஷக்கணக்கா."

"அப்ப என் கை?"

"உன் கைக்கு என்ன?"

"என் கை மெதுவா இருக்கா இல்லியா? ஒழுங்காச் சொல்லு, விளையாடாத."

"மெதுவா இருக்கா?" அவன் சாகோவைப் பார்த்தான், கிண்டல் செய்கிறாளோ என்று. "உன் கை வேகத்துக்கு நான் எங்க அக்கா போறது? என் கை மரக்கட்ட. எனக்கு இருக்கிறது காது மட்டும்தான். பின்னாடி எந்த லாரி வருதுன்னு திரும்பாமலே தெரிஞ்சுக்கிற பொழப்பு என்னோடது."

எரிதானியா சிரிக்கத் தொடங்கினாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு நடுவழியில் மாறிப்போய், முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வாஸ்கர் பதறிப்போனான்.

"அடிக்க வேண்டாம்னுதானே சொன்னேன். அழ வேண்டாம்னும் சேத்துச் சொல்லியிருக்கணும் போல. சாகோ அண்ணே, தண்ணி கொண்டாங்க."

தண்ணீர் குடித்துவிட்டு அவள் சொன்னாள். அம்மாவைப் பற்றி, பொத்தானைப் பற்றி, கீழே விழுந்த பிரஷைப் பற்றி. அந்த அறையில் அவள் ஆட்டத்தைத் தவிர வேறு எதையாவது பேசியது அதுதான் முதல் தடவை. வாஸ்கர் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. அவன் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததும் அதுதான் முதல் தடவை.

கடைசியில், "பிரஷ் விழுந்ததுக்கு என் காது காரணமில்லியே அக்கா" என்றான் மெதுவாக. "அதை ஒரு டாக்டர் பாக்கட்டும். நாளைக்குக் காலைல வரேன். வண்டில ஏறு, போதும்."

மறுநாள் வந்தான். எரிதானியா பார்லர் வாசலில் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது நோரிஸ் வெளியே வந்தாள்.

"எங்க போற?"

"டாக்டர்கிட்ட. கைய காட்ட."

நோரிசின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்ததும் எரிதானியாவுக்குப் புரிந்துவிட்டது. இந்த வீட்டில் விரல்களை வேவு பார்த்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்தி மட்டும் இல்லை.

"நானும் வரேன்" என்றாள் நோரிஸ். கதவைப் பூட்டினாள். மூன்று பேரும் ஒரே வண்டியில் போனார்கள்.

டாக்டர் நிதானமான பெண்மணி. விரல்களைத் தட்டச் சொன்னார், மூடித் திறக்கச் சொன்னார், அறைக்குள் நடக்கச் சொன்னார், கண்ணை மூடி நிற்கச் சொன்னார். அம்மாவைப் பற்றி நிறையக் கேட்டார். பிறகு மணிக்கட்டை அழுத்தினார், எரிதானியா பல்லைக் கடித்தாள்.

"தினம் என்ன வேலை பாக்கறீங்க?"

"தலைமுடி உலர்த்துறேன்."

"அதான். நரம்பு வீங்கியிருக்கு. பிரஷப் புடிச்சு முறுக்கி முறுக்கி வந்தது. கொஞ்ச நாள் பட்டி கட்டிக்குங்க, நடுவுல நடுவுல கைக்கு ஓய்வு கொடுங்க. நீங்க பயந்தீங்களே, அதுக்கு ஒரு அறிகுறிகூட இல்ல. விரல் நல்லா ஓடுது. என் விரலவிட நல்லா ஓடுது."

"நிச்சயமாவா டாக்டர்?" என்று கேட்டது நோரிஸ்.

"வருஷத்துக்கு ஒரு தடவ வந்து காட்டுங்க. உங்க திருப்திக்கு."

வெளியே வந்ததும் இருவரும் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். நோரிஸ் எரிதானியாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை. வாஸ்கர் தெருவோரத்தில் வண்டியின் மேல் உட்கார்ந்து இவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எரிதானியா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அவன் ஹாரனை இரண்டு தடவை அடித்தான், எதிர்ச் சுவரோரம் தூங்கிய நாய் எழுந்து ஓடியது.

மணிக்கட்டில் பட்டியோடு சில ஞாயிறுகள் அவள் வெறும் பார்வையாளராகத்தான் உட்கார்ந்தாள். ஆனால் சும்மா உட்காரவில்லை. பார்லரில் ஆள் இல்லாத நேரம், டிவியைப் பார்த்துக்கொண்டு மூச்சை மட்டும் பழகினாள். வெளியே விட்டுக்கொண்டே குதிப்பது. சாதாரணமாக இழுத்துக்கொண்டே தடுப்பது. நோரிஸ் நகத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டே, "என்னடி, பிரசவத்துக்குத் தயாராகுறியா?" என்று கேட்டாள். கடையிலிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள், எரிதானியா எல்லாருக்கும் மேலாகச் சிரித்தாள்.

பட்டி அவிழ்த்த ஞாயிறன்று அறையில் நல்ல கூட்டம். வாஸ்கர் பக்கத்தில் உட்கார்ந்தான். வெயில் நாள், மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும்தான்.

எரிதானியா மூக்கால் மூச்சை இழுத்தாள். அறைக்கே கேட்கும்படி இழுத்தாள்.

குத்துச்சண்டைக்காரனின் முட்டி மேலே போனது, வெறும் காற்றைக் குத்தியது. கிழவர் தரையில் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பிறகு அவசரமே இல்லாமல் தடியால் வரிசையாக அடித்தார், அவள் கண்ணை மூடிப் பழகிய அத்தனை அடியும் ஒன்றுகூடத் தப்பாமல் விழுந்தது.

"இது அநியாயம்" என்றான் வாஸ்கர். "சாகோ அண்ணே, அக்கா மூக்குல பொய் சொல்லுது."

"உன் காதுதானே, நீயே பாத்துக்க" என்றார் சாகோ.

அந்த ஆட்டம் அவளுக்கு. கூட்டத்தில் யாரும் வாஸ்கரை எழச் சொல்லி இடம் கேட்கவில்லை. அடுத்ததும் அவளுக்கு. மூன்றாவதில் வாஸ்கர் மூச்சைக் கேட்பதை விட்டுவிட்டான். வாயையும் மூடிக்கொண்டு, திரையை மட்டும் பார்த்து, முன்னைவிடக் கவனமாக ஆடினான். கடைசியில் இருவருக்கும் ஒரே ஓர் அடியில் போகும் உயிர்தான் மிச்சமிருந்தது. கிழவர் குதித்தார், அவன் கொஞ்சம் முந்திக்கொண்டான். இந்தத் தடவை உண்மையாகவே பார்த்து அடித்தான்.

எரிதானியா எழுந்து நாற்காலியை அடுத்தவருக்கு விட்டாள்.

"என்ன அக்கா, கோவமா?" என்றான் அவன்.

"இல்லடா. நல்லா ஆடின. அடுத்த வாரம் பாக்கலாம்."

வெளியே வந்தாள். நோரிஸ் வாழைக்காயும் வெங்காயமும் வதக்கும் வாசனை தெருத் திருப்பத்திலேயே வந்தது. பசித்தது. வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை தூங்கினாள்.