ஆளுநர் வீட்டு அடுப்படிக் கைதி

ஒடெல் ஸ்டாம்ப்ஸுக்கு அவன் கைமணமே வினையாகப் போயிற்று.

சீட்டாட்டத் தகராறில் ஒருவனைக் கத்தியால் குத்திவிட்டு ஆயுள் தண்டனை வாங்கியவன். அமெரிக்காவின் தெற்கே ஒரு சிறைப் பண்ணையில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவனை ஆளுநர் மாளிகைச் சமையற்கட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வேலைக்குக் கொலைக் கைதிகளைத்தான் பொறுக்கி எடுப்பது.

“திருடனை உள்ள விட்டா வெள்ளிக் கரண்டி மிஞ்சாது. கொலைகாரன் அப்படியில்ல, அவன் கோபம் ஒரே தடவையோட தீந்துபோச்சு” என்பார் காவலதிகாரி கிளாடன், ஒடெலை வைத்துக்கொண்டே.

சம்பளம் கிடையாது. பதிலுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பதவிக்காலம் முடிகிற அன்று, மாளிகைக் கைதிகளுக்கு மன்னிப்பு எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுத்தான் ஆளுநர் படியிறங்குவார். சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஒடெல் அத்தனை வருடம் அடுப்பின் முன் நின்றான். மெம்ஃபிஸில் அவன் தங்கை வெர்னீஸ் அவனுக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தாள்.

தேர்தல் முடிந்ததும், வரப்போகும் ஆளுநரின் மனைவி வீட்டைப் பார்க்க வந்தாள். திரைச்சீலை பிடிக்கவில்லை, சரவிளக்கு பிடிக்கவில்லை. ஒடெல் மோர் விட்டுப் பிசைந்து சுட்ட ரொட்டியை மட்டும் இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றாள்.

“இவன் எங்கேர்ந்து கிடைச்சான்?”

“வேணும்னா வச்சுக்கோங்களேன். மன்னிப்புல இவன் பேரைச் சேர்க்க வேணாம்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடறேன்” என்றாள் பதவி முடிந்து போகிற ஆளுநரின் மனைவி, பழைய கம்பளத்தைத் தள்ளிவிடுகிற மாதிரி.

ஒடெல் குனிந்து அவளுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தான். ஊற்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

தோட்டத்தில் வேலை செய்த ராஸ்கோவும் கைதிதான். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். “என்னைப் பாருண்ணே. நான் வச்ச ரோஜா ஒண்ணாவது பூத்துதா? என்னை வச்சுக்கணும்னு யாருக்குத் தோணும்? நீதான் ருசியா ஆக்கிப் போட்டு மாட்டிக்கிட்ட.”

“இப்ப என்னடா பண்றது?”

“ஞாயித்துக்கிழமை ரெண்டு குடும்பத்துக்கும் விருந்து இருக்குல்ல? கெடுத்து வை.”

கெடுத்தால் போகிறவருக்குக் கோபம் வரும். கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். கெடுக்காவிட்டால் வருகிறவள் விடமாட்டாள். கோழியைப் பொரிக்கும்போதும் மாவைத் தட்டும்போதும் இதே நினைப்பாக இருந்தான். கடைசியில் ஒரு வழி தெரிந்தது. எல்லோருக்கும் எப்போதும்போல, அவள் தட்டில் ஊற்றும் குழம்பில் மட்டும் ஒரு கரண்டி சமையல் சோடா.

ஞாயிறு மதியம் அவள் முதல் வாயை மென்றாள். கைத்துணியில் துப்பினாள்.

“கசக்குது.”

ஆளுநர் தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தார். “எனக்கு நல்லாத்தானே இருக்கு.”

மற்றவர்களும் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாகவே இருந்தது. கரண்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கொலைக் கைதி சமைத்ததில் ஒரே ஒரு தட்டில் மட்டும் கசப்பு என்றால் என்ன நினைப்பார்கள் என்று அப்போதுதான் ஒடெலுக்கு உறைத்தது.

சுவரோரம் நின்ற கிளாடன் அருகில் வந்தார். “அந்தம்மா தட்டுல மட்டும் என்னடா போட்ட?”

“சோடாங்கய்யா. ரொட்டிக்குப் போடற சோடா.”

“எதுக்கு?”

“அம்மாவுக்கு என் சமையல் பிடிக்கக் கூடாதுன்னு.”

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் இன்னும் ஏதாவது சொல்லியிருப்பான். கிளாடன் அந்தத் தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவர் கண் ஒடெலின் கைகளை விட்டு நகரவில்லை.

“பண்ணைக்குப் போன் போட்டு வண்டிய வரச் சொல்லு” என்றார் ஆளுநர்.

“அப்போ இனிப்பை யாரு பரிமாறுவா?” என்று கேட்டாள் அவர் மனைவி.

ஒடெல் இடுப்பில் கட்டியிருந்த சமையல் மேல்துணியை அவிழ்த்து மடித்து நாற்காலியில் வைத்தான். ஜன்னலுக்கு வெளியே ராஸ்கோ, இந்தப் பக்கம் திரும்பாமல், பூக்காத ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.